ஓடுவதற்கு அவ்வளவு தூரமா?



பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கணக்கு, பெற்றோர் கடமை என்று எழுதிவரும் இந்தப் பகுதியில் இம்மாதம் ஓட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆயிற்று?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதிலும் வீட்டுக் கணக்கு இருக்கிறது, பெற்றோர் கடமையும் இருக்கிறது.

நம் தோட்டத்து மக்களுக்கு ஓட்டம் புதிதல்ல. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடினோம். வெயில் ஏறுவதற்குள் நிரையை முடிக்க மரத்துக்கு மரம் ஓடினோம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பாலைக் காப்பாற்ற ஓடினோம். காண்டாக்கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேடு பள்ளம் தாண்டி ஸ்டோருக்கு நடந்த நம் தாய்மார்களுக்கு எந்தப் பயிற்சியாளர் ஐயா கால் வலிமையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியும்? ஆனால் அந்த ஓட்டமெல்லாம் வயிற்றுக்காக ஓடியவை. மனத்துக்காக ஓடுவது என்று ஒன்று இருப்பதை நம்மில் பலர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "காசைக் கொடுத்து, விமானம் ஏறி, எங்கோ ஒரு மலையில் போய் ஓடிவிட்டு வருவதா? பணம் கொழுத்தவன் செய்கிற வேலை அது" என்று கோப்பிக் கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதைத்தான் நாம் இன்று சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் மராத்தான் என்னும் நெட்டோட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டில் மராத்தான் என்றொரு சமவெளி இருக்கிறது. கி.மு. 490இல் அங்கே பாரசீகப் படையை ஏதென்ஸ் நகரத்தார் வென்றார்கள். வெற்றிச் செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு தூதன் ஏதென்ஸ்வரை ஓடி, செய்தியைச் சொல்லிவிட்டு உயிர் துறந்தான் என்பது பிற்காலத்தில் வழங்கிய கதை. அந்தக் கதையை நினைவில் வைத்தே 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மராத்தான் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர். அப்போது ஓடிய தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீட்டர் ஓடினார்கள். 1921இல் அதுவே உலகம் முழுவதற்கும் உரிய அளவாயிற்று.

சமதரையில் 42 கிலோமீட்டர் ஓடுவதே பெரும்பாடு. அதை மலைமேல் ஓடினால் எப்படியிருக்கும்? அப்படி ஓட்டங்கள் உலகில் பல உண்டு. நம் நாட்டிலேயே, சபாவின் கினபாலு மலையில், 1987இல் மலையோட்டப் போட்டி தொடங்கியது. இன்று நான் சொல்லப்போவது சுவிட்சர்லாந்தில் நடக்கும் யுங்ஃபிராவ் மராத்தானைப் பற்றி. 1993இல் தொடங்கிய இந்த ஓட்டம் செப்டம்பர் மாதத்தின் முற்பகுதியில் நடைபெறுகிறது. பல நாடுகளிலிருந்தும் சுமார் 4,000 பேர் வந்து ஓடுகிறார்கள். கண்ணுக்கு இனிய மராத்தான் எது என்று ஓட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது இதன் பெயர் தவறாமல் வரும்.

யுங்ஃபிராவ் என்றால் கன்னி என்று பொருள். 4,158 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைக்கு அந்தப் பெயர். அதன் அருகே துறவி என்று பொருள்படும் மோன்ஷ் மலை நிற்கிறது. அதற்கும் அப்பால் 3,967 மீட்டர் உயரத்தில் ஐகர் மலை. ஐகரின் வடக்குப் பக்கம் செங்குத்தான பாறைச் சுவர். பல உயிர்களை வாங்கிய பின்னர், 1938இல்தான் மனிதன் அந்தச் சுவர் வழியாக உச்சியை அடைந்தான். இந்த மூன்று மலைகளின் வெண்பனியைப் பார்த்துக்கொண்டே ஓடுவதுதான் இந்த மராத்தானின் சிறப்பு.

ஓட்டம் இன்டர்லாக்கன் என்னும் ஊரில் தொடங்குகிறது. அந்தப் பெயருக்கு ஏரிகளின் நடுவில் என்று பொருள். ஒருபுறம் தூன் ஏரி, மறுபுறம் பிரியன்ஸ் ஏரி. சினிமாப் பாடல் காட்சிகளில் பனிமலை அடிவாரத்தில் கதாநாயகி சேலை பறக்க ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அத்தகைய காட்சிகள் பல எடுக்கப்பட்ட வட்டாரம் இது. இந்திப் பட இயக்குநர் யாஷ் சோப்ராவுக்கு 2016இல் இந்த ஊரில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 565 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரைச் சுற்றி, ஏரிக்கரையோரம் போனிகன் கிராமத்தைத் தொட்டு, வில்டர்ஸ்வில் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது பாதை. ஆற்றை ஒட்டியே ஓடினால் லவுட்டர்புருன்னன் வரும். இருபுறமும் சுவர் வைத்தாற்போலப் பாறை. அதிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் விழும் ஸ்டவுப்பாக் அருவி. தண்ணீர் பாதி வழியிலேயே புகையாகிக் காற்றில் கரைவதைப் பார்க்கலாம். 1779இல் அதைக் கண்ட ஜெர்மானியக் கவிஞர் கோதே ஒரு கவிதையே எழுதினார். வழியெங்கும் ஊர்மக்கள் பெரிய பெரிய மாட்டு மணிகளை ஆட்டி, "ஹொப்! ஹொப்!" என்று குரல் கொடுத்து உற்சாகமூட்டுவார்கள். ஏதோ திருவிழாவுக்குப் போவதுபோல் இருக்கும்.

இதுவரை சுமார் 25 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் பாதை ஏறியது ஏறக்குறைய 250 மீட்டர்தான். திருவிழா இதோடு முடிகிறது, மலை தொடங்குகிறது. மீதமுள்ள 17 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். லவுட்டர்புருன்னனை விட்டவுடன் வளைந்து வளைந்து மேலேறும் ஒரு செங்குத்துப் பாதை. அதை ஓட்டக்காரர்கள் சுவர் என்றே சொல்கிறார்கள். அங்கே பெரும்பாலோர் ஓடுவதில்லை. தொடைமேல் கையை ஊன்றிக்கொண்டு நடக்கிறார்கள். நடப்பது அங்கே வெட்கமல்ல, அதுதான் வழக்கம். அந்தச் சுவரின் மேலே, 30ஆவது கிலோமீட்டரில், வெங்கன் என்னும் ஊர். அங்கே சாலைப் போக்குவரத்துக் கிடையாது. ரயிலில்தான் போக வேண்டும். அதற்கும் மேலே மேய்ச்சல் நிலம், அப்புறம் கல்லும் மண்ணுமாய்ப் பனியாறு தள்ளிவைத்த ஒற்றையடி வரப்பு. பல ஆண்டுகள் கிளைன ஷைடெக் என்னுமிடத்தில் முடிந்துவந்த ஓட்டம், இப்போது 2,320 மீட்டர் உயரத்தில் ஐகர் பனியாற்றை ஒட்டிய ரயில் நிலையத்தில் முடிகிறது. மேடு பள்ளம் எல்லாம் கூட்டினால் ஏற்றம் மட்டும் சுமார் 1,950 மீட்டர்.

இந்த அளவுகள் நமக்குப் புரியும்படி சொல்கிறேன். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர். கடற்கரையிலிருந்து அதன் உச்சிக்கு 12 முறை ஏறினால்தான் இந்தக் கணக்கு வரும். ஜொகூரில் உள்ள லேடாங் மலையின் உச்சி 1,276 மீட்டர். நாம் உச்சி என்று கும்பிட்டு நிற்கும் அந்த உயரத்தில்தான் வெங்கன் ஊர் இருக்கிறது. அதற்கு மேலும் 1,000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். 2003இல் நியூசிலாந்தின் ஜோனதன் வியாட் பழைய பாதையில் 2 மணி 49 நிமிடத்தில் ஓடி முடித்தார் என்றால், அது மனிதக் காலா, மலையாட்டுக் காலா என்று கேட்கத் தோன்றுகிறது! சாதாரண மனிதருக்கு ஐந்து, ஆறு மணிநேரம் ஆகும். அதிலும் இன்னின்ன இடத்தை இன்ன நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்ற காலக்கெடு உண்டு. தவறினால் எண்ணட்டையைக் கழற்றிவிட்டு ரயிலேற வேண்டியதுதான்.

வாசகர்களே, இனி என் பழைய மாணவன் ஒருவனின் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். நான்காம் ஆண்டில் என்னிடம் படித்தவன். இன்று முப்பது வயதை நெருங்குகிறான். ஜொகூரில் வாடகை அறையில் தங்கி, பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறான். தகப்பனார் இல்லை. தாயார் நம் தோட்டத்தில் பால் வெட்டியவர். கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை பார்த்தவர். இப்போது ஊரோரத்தில் ஒரு சிறு வீட்டில் இருக்கிறார்.

பையன் மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தான். கூட்டுப் பிடித்து, மிகைநேர வேலை செய்து, புகை, குடி என்று எதற்கும் போகாமல் சேர்த்த காசு. ஒருநாள் தாயிடம் வந்து, "அம்மா, சுவிட்சர்லாந்துக்குப் போய் மலையில் ஓடப் போகிறேன்" என்றான். அந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்கதான் சொல்லணும். அடுப்படிக் கூரை ஒழுகுது. மழை பேஞ்சா சட்டியை வச்சுத் தண்ணி பிடிக்கிறேன். இவன் என்னடான்னா ஓடப் போறேங்கிறான். ஓடுறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? இங்க சடக்கு இல்லையா?"

நான் என்ன சொல்வது? கூரையும் உண்மை, பையனின் ஆசையும் உண்மை. "அக்கா, ஒரு வாரம் பொறுங்கள். அவனிடம் மூன்று கேள்வி கேட்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் கேள்வி: இதில் கடன் காசு இருக்கிறதா? இல்லை என்று கணக்குப் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினான். கட்டணம், விமானச் சீட்டு, ரயில், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி என்று தனித்தனியாக எழுதியிருந்தான். ஒரு சுவிஸ் ஃபிராங்கு வாங்க நான்கு வெள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவேளைச் சாப்பாட்டு விலையில் இங்கே ஒரு வாரம் பசியாறலாம். அதனால் ஓட்டக்காரர்கள் கூடித் தங்கிச் சமைக்கும் விடுதியில் இடம் பிடித்திருந்தான்.

இரண்டாம் கேள்வி: உடம்பு தயாரா? மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்திருந்தான். ஞாயிறு தவறாமல் புக்கிட் தீமா படிகளில் ஏறி இறங்கினான். அனுமதி பெற்று லேடாங் மலைக்கும் மூன்று முறை போயிருந்தான்.

மூன்றாம் கேள்வி: எதற்காக? இதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு சொன்னான்: "டீச்சர், நான் பிறந்ததிலிருந்து போன இடமெல்லாம் வேலைக்காகப் போன இடம். ஒரே ஒரு இடத்துக்கு, எனக்குப் பிடித்ததற்காகப் போய்ப் பார்க்கணும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தாயிடம் போய், "அக்கா, அவன் போகட்டும். ஆனால் திரும்பி வந்ததும் சேர்க்கிற முதல் காசு அடுப்படிக் கூரைக்கு. அதை அவன் வாயாலேயே உங்கள் முன்னால் சொல்லச் சொல்கிறேன்" என்றேன். சொன்னான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், புறப்படும் நாளில் ஒரு புட்டி மிளகாய்த் தூளும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

அவனுடைய பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். சூரிக்கில் இறங்கி ரயிலில் இன்டர்லாக்கன் போகும் வழியில் பெர்ன் நகரம் வருகிறது. அங்கே 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த விகாரையும் நம் சைவக் கோயிலும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. 1983க்குப் பிறகு போரினால் அடைக்கலம் தேடிப்போன இலங்கைத் தமிழர்கள் அந்நாட்டில் வேரூன்றிக் கட்டிக்காத்துவரும் கோயில் அது. பையன் அங்கே இறங்கிச் சாமி கும்பிட்டான். ஒரு பெரியவர் ஊர் பேர் விசாரித்து, "ஓடத்தானே வந்தனீங்கள்? அப்ப வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சோறு போட்டாராம். ஓட வேண்டிய கட்டாயத்தால் ஊரைவிட்டு வந்தவர், ஓடுவதற்கென்றே வந்த பிள்ளைக்குச் சோறு போட்டார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேரம் எழுதாமல் இருந்துவிட்டேன்.

ஓட்ட நாள் வந்தது. காலைக் குளிரில் துள்ளிக்கொண்டு புறப்பட்டான். பாதை சமதரை, காற்றோ குளுகுளுவென்று இருக்கிறது. நம் வெயிலில் ஓடிப் பழகிய உடம்பு, வியர்க்காமல் ஓட முடிகிறதே என்று குதூகலித்தது. முதல் 20 கிலோமீட்டரைத் தான் திட்டமிட்டதைவிட வேகமாக ஓடிவிட்டான். மலையோட்டத்தின் மாயவலையே இதுதான். சமதரையில் மிச்சம் பிடிக்க வேண்டிய வலுவை அங்கேயே செலவழித்துவிட்டால், மலை வரும்போது பை காலி. லவுட்டர்புருன்னனைத் தாண்டிச் சுவரில் ஏறும்போது இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. மழைத் தூறலும் சேர்ந்துகொண்டது. பத்தடி நடப்பது, நிற்பது, கால்களைத் தேய்ப்பது என்று வெங்கன் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்துக்கான காலக்கெடு முடிந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. ஓர் அம்மையார் அன்போடு அவன் தோளில் போர்வையைப் போர்த்தி, ரயில் நிலையத்துக்கு வழி காட்டினார்.

மூன்று ஆண்டுச் சேமிப்பு. 42 கிலோமீட்டரில் 30 கிலோமீட்டர். லேடாங் உச்சியின் உயரத்தில் அவனுடைய ஓட்டம் நின்றது.

திரும்பி வந்ததும் அந்த அம்மா மறுபடியும் என்னிடம் வந்தார். இம்முறை கோபமில்லை. "டீச்சர், முடிக்காம வந்துட்டானாம். அவ்வளவு காசும் நஷ்டந்தானே?" என்று மெல்லக் கேட்டார். அவர் கேட்டது காசைப் பற்றி மட்டுமல்ல என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. பையன் மனம் உடைந்துவிட்டானோ என்ற கவலை அது.

வாசகர்களே, அன்று அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடனில்லாமல், யார் வயிற்றிலும் அடிக்காமல் செலவழித்த காசு நஷ்டமாகாது. பதக்கம் வாங்கினால்தான் பயணம் பயனுள்ளது என்று வைத்துக்கொண்டால், தேர்வில் முதலிடம் வாங்காத பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கு வந்தது வீண் என்றல்லவா ஆகிவிடும்? இத்தனை ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை.

அவன் நின்றதிலும் ஒரு நன்மை இருக்கிறது. காலக்கெடு என்பது ஓட்டக்காரரை அவமானப்படுத்துவதற்கு ஏற்பட்டதல்ல, காப்பாற்றுவதற்கு ஏற்பட்டது. 2021 மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். வெயிலுக்கேற்ற மெல்லிய உடையோடு பலர் மேலேறிப் போனபிறகு, திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் காற்றும் வீசின. காற்றுத் தடுக்கும் மேலாடையைக் கட்டாயமாக எடுத்துவர வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. 21 பேர் உயிரிழந்தார்கள். மாண்டவர்களில் நாடறிந்த ஓட்ட வீரர்களும் இருந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் அழைத்துச் சென்று நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். மலைக்கு முன்னால் வீரமும் பயிற்சியும் போதாது, அடக்கமும் வேண்டும்.

வெப்ப நாட்டிலிருந்து போகும் நாம் இதை மிகவும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 பாகை குறைகிறது. இன்டர்லாக்கனில் 15 பாகை என்றால், ஓட்டம் முடியுமிடத்தில் 4 பாகைதான் இருக்கும். செப்டம்பரிலேயே அங்கே பனி விழுவதும் உண்டு. வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் உடம்பின் சூடு மளமளவென்று இறங்கும். காற்றழுத்தமும் 2,300 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறையும். கீழே எளிதாக ஏறிய மேடு மேலே மூச்சு வாங்க வைப்பது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, "நானும் ஒருநாள் போவேன்" என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில சொற்கள்.

ஒன்று. முதல் மராத்தானே மலை மராத்தானாக இருக்க வேண்டாம். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் பக்கத்திலேயே சமதரை ஓட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டையாவது நல்லபடியாக முடித்த பிறகு மலையைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டு. ஓடுவதோடு ஏறவும் பழகுங்கள். வேகமாக மலையேறி நடப்பதும் ஒரு கலை. மலையில்லாத ஊரில் அடுக்குமாடியின் படிக்கட்டு இருக்கிறது. அதற்குக் கட்டணமில்லை. முதற்பாதியை அடக்கி ஓடவும் பழக்கிக்கொள்ளுங்கள். என் மாணவனின் அனுபவம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது!

மூன்று. காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலாடை, கையுறை, தலைக்குல்லா இவற்றை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் அடிக்கிறதே என்று அறையில் விட்டுப் போகாதீர்கள்.

நான்கு. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நிறையக் குடித்தால் நல்லது என்பது தவறான எண்ணம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கண்டார்கள். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். இந்த நிலை முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஐந்து. பயணக் காப்புறுதியை எடுக்கும்போது, சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். போட்டி ஓட்டத்துக்கும் மலையில் நடக்கும் விபத்துக்கும் பணம் தருவதில்லை என்று சில காப்புறுதிகளில் எழுதியிருக்கும். சுவிஸ் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அதற்கான செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

ஆறு. இன்றைய நிலையில் மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் 90 நாள்வரை விசா இல்லாமல் அந்நாட்டில் தங்கலாம். ஆனாலும் விதிகள் மாறக்கூடியவை. சீட்டு வாங்குவதற்கு முன் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏழு. நாற்பதைத் தாண்டியவர்கள், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஓட்டத்தில் இறங்க வேண்டாம். நம் சமூகத்தில் இந்த நோய்கள் எவ்வளவு மலிந்து கிடக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் கூரை, கல்யாணம், கடன் என்று ஒரு பெரிய பட்டியலை நீட்டுகிறோம். அந்தப் பட்டியல் நியாயமானதுதான். நம் தலைமுறைக்கு வேறு வழி இருந்ததில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் கடைசியிலாவது பிள்ளையின் ஆசை ஒன்றுக்கு ஒரு வரி இடம் விடுங்கள். பறிக்கப்பட்ட ஆசை சும்மா இருப்பதில்லை; வேறு எங்கோ போய்க் கெட்ட வழியில் காசைக் கரைக்கும். மலைமேல் ஓடுவதற்காக மூன்றாண்டு குடிக்காமல் இருந்த பிள்ளையை, "பணம் கொழுத்தவன்" என்று ஏசலாமா? நீங்களே சொல்லுங்கள்.

அடுப்படிக்கு இப்போது புதுத் தகரம் போட்டாயிற்று. கொடுத்த சொல்லைக் காப்பாற்றிவிட்டான். ஓட்டத்துக்கு மறுநாள் ரயிலேறி, தான் முடித்திருக்க வேண்டிய அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தானாம். அங்கே எடுத்த படத்தைத் தாய் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதில் ஐகர் மலையைவிட, அடிவாரத்தில் மணி கட்டி மேயும் மாடுகளைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. "இவ்வளவு மேட்டுல மாடு எப்படி டீச்சர் ஏறுது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். மறுபடியும் போவாயா என்று அவனைக் கேட்டேன். "இரண்டு வருசம் போகட்டும் டீச்சர். இந்தத் தடவை மெதுவாக ஓடுவேன்" என்றான். இப்போதே புதுக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டான்.

நம் பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது. உங்கள் பிள்ளை கடைசியாக ஓடிவந்தாலும் கோட்டருகே நின்று கைதட்டுங்கள். அடுத்த மாதம் வேறொரு செய்தியோடு சந்திப்போம். வணக்கம்.